கல்லூரி இயற்பியலுக்கு எட்டு வாரத் தயாரிப்பு: பள்ளியில் அடித்தளம் அமையாதவர்களுக்கு

பிஎஸ்சி இயற்பியலிலோ பொறியியலிலோ இடம் கிடைத்துவிட்டது. கட்டணமும் கட்டியாயிற்று. ஆனால் பள்ளியில் இயற்பியல் சரியாக வரவில்லையே, கல்லூரியில் எப்படிச் சமாளிப்பது என்ற பயம் மட்டும் போகவில்லை. இந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாணவர் அல்ல. பாதி ஆண்டு இயற்பியல் ஆசிரியரே இல்லாத பள்ளிகள் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டும் பள்ளிகள் உண்டு. புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்தே எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்று நம்பவைத்த டியூஷன்களும் உண்டு. தொழிற்கல்விப் பிரிவிலிருந்து பொறியியலுக்கு வருபவர்களுக்கும், கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து இயற்பியலைத் துணைப்பாடமாகப் படிக்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

இவர்களிடம் நான் முதலில் சொல்வது: விட்டுப்போனது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல, அது இருக்கும் இடமும் வேறு. இரண்டு ஆண்டுப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்க முயன்றால் மூன்றாவது வாரத்திலேயே சலித்துப்போகும். முதலாண்டில் மாணவரைக் கவிழ்ப்பவை மூன்றே விஷயங்கள்: பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கை ஓடாதது, நியூட்டன் விதிகள் மனத்தில் சரியாகப் பதியாதது, பேனா பிடிக்காமல் படித்துப் பழகியது. மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் எட்டு வாரம் இந்த மூன்றுக்கும் போதும். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் புத்தகம், எதிலிருந்து

பிளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதி. தமிழ்நாட்டுப் பாடநூலையே சொல்கிறேன், வேறு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 2018ல் புதிதாக எழுதப்பட்ட இந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவீடு, இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன், திண்பொருள்களின் இயக்கம் என்று ஐந்தே அலகுகள். கல்லூரி முதல் செமஸ்டருக்குத் தேவையான பள்ளி இயற்பியலில் முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது. இரண்டாவது அலகில் வகைநுண்கணிதத்துக்கும் தொகைநுண்கணிதத்துக்கும் ஓர் அறிமுகமே தந்திருக்கிறார்கள். பள்ளியில் அந்தப் பக்கங்களைத்தான் பலர் தாண்டிப் போயிருப்பார்கள்.

இரண்டாம் தொகுதியில் பொருளின் பண்புகள், அலைவுகள் ஆகிய இரண்டு அலகுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ புத்தகம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். அதில் உள்ள மின்னியலும் ஒளியியலும் கல்லூரியில் முதலிலிருந்தே மறுபடி வரும்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் இந்தத் தேர்வுக்கான காரணம் புரியும். பிஎஸ்சி இயற்பியலில் முதல் செமஸ்டர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பொருளின் பண்புகளும் ஒலியியலும்தான். யங் குணகம், கம்பி முறுக்கம், பாகியல், பரப்பு இழுவிசை எல்லாம் அதில் வரும். வளையும் சட்டத்தின் திருப்புத்திறனைத் தருவிக்கத் திருப்பு விசையும் தொகையீடும் தெரிய வேண்டும். மெல்லிய குழாயில் ஓடும் நீருக்கான பாய்சொய் சமன்பாட்டுக்கும் அதே தொகையீடுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் பொறியியல் இயற்பியலின் முதல் அலகு நிலைமத் திருப்புத்திறன், முறுக்கு ஊசல் என்று எந்திரவியலில் தொடங்கியது. அடுத்து மின்காந்த அலைகளும் லேசரும் வந்தன, கடைசி இரண்டு அலகுகள் குவாண்டம் எந்திரவியல். மாணவர்கள் பெரும்பாலும் குவாண்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். தேவையில்லை. குவாண்டம் சிபிஎஸ்இ மாணவருக்கும் புதிது, பள்ளியில் சென்டம் எடுத்தவருக்கும் புதிது. அங்கே எல்லோரும் ஒரே கோட்டில் நின்றுதான் தொடங்குகிறார்கள். உங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியப்போவது எந்திரவியலில்தான், அதனால் உழைப்பும் அங்கேதான் போக வேண்டும்.

கணிதம்: தினம் அரை மணி நேரம்

"எனக்கு பிசிக்ஸ் வராது" என்று சொல்பவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்து எங்கே நிற்கிறார் என்று கவனித்தால், பெரும்பாலும் இயற்பியலில் நிற்பதில்லை. சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒன்றைக் கொண்டுபோகும்போது நிற்கிறார். பத்தின் அடுக்குகளைப் பெருக்கும்போது நிற்கிறார். சைனா காஸா என்ற சந்தேகத்தில் நிற்கிறார். அதை இயற்பியல் என்று நினைத்து இத்தனை நாள் பயந்திருக்கிறார்.

சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு. புவியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம், ஆரம் 6.37 × 10⁶ மீட்டர், ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹. ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம், தாளில் போடுங்கள். மேலே 39.8 × 10¹³, கீழே 40.6 × 10¹². வகுத்தால் ஏறத்தாழ 9.8. ஆறாம் வகுப்பிலிருந்து நாம் மனப்பாடமாகச் சொல்லிவந்த அதே 9.8, மூன்று எண்களிலிருந்து உங்கள் கையாலேயே வெளிவருகிறது. அடுக்குகளைக் கூட்டிக் கழிப்பதில் எங்காவது தடுமாறினால் முதல் வாரம் முழுக்க இப்படிப்பட்ட கணக்குகளையே போடுங்கள்.

அடுத்தது எழுத்துகளை இடம் மாற்றுவது. ஊசலின் அலைவு நேரம் T = 2π√(l/g) என்ற சமன்பாட்டிலிருந்து g-க்கு என்ன கோவை? இருபுறமும் வர்க்கப்படுத்தி மாற்றினால் g = 4π²l/T². இதை நின்று யோசிக்காமல் செய்யும் அளவுக்குக் கை பழக வேண்டும். எண்களைக் கடைசி வரியில் மட்டும் போடும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே எண்களைப் போட்டுவிட்டால் தவறு எங்கே நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

முக்கோணவியலில் தேவைப்படுவது கொஞ்சம்தான். ஒரு விசையை இரண்டு திசைகளில் பிரிக்கத் தெரிந்தால் போதும். சாய்தளத்தில் எடையின் எந்தக் கூறுக்கு சைன், எதற்கு காஸ் என்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். தளத்தைக் கிடையாக்கிப் பாருங்கள், கோணம் பூஜ்யம். கிடைத்தளத்தில் பொருள் தானாகச் சறுக்காது, ஆகவே சறுக்கும் திசையில் உள்ள கூறு பூஜ்யமாக வேண்டும். சைன் பூஜ்யம்தான் பூஜ்யம். எனவே தளத்தை ஒட்டிய கூறு mg sinθ. இப்படி ஓர் எல்லையில் வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் தேர்வறையில் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

நுண்கணிதத்தைப் பற்றித்தான் அதிகப் பயம். ஒரு கல் விழுகிறது, t விநாடியில் விழும் தூரம் 5t² மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 2வது விநாடியில் அதன் வேகம் என்ன? 2 விநாடியில் 20 மீட்டர் விழுந்திருக்கிறது, 2.1 விநாடியில் 22.05 மீட்டர். இடையில் 2.05 மீட்டர், அதை 0.1 விநாடியால் வகுத்தால் 20.5. இடைவெளியை இன்னும் சுருக்குங்கள். 2.01 விநாடியில் 20.2005 மீட்டர், வகுத்தால் 20.05. 2.001 எடுத்தால் 20.005. எண் 20ஐ நோக்கிப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. இதுதான் வகைக்கெழு. 5t²-ன் வகைக்கெழு 10t என்ற சூத்திரம் இந்த உழைப்பை ஒரே வரியில் முடித்துத் தருகிறது. தொகையீடு இதன் மறுபக்கம்: வேகம்-நேரம் வரைபடத்துக்குக் கீழே உள்ள பரப்பு, கடந்த தூரம். இந்த இரண்டு கருத்தும் புரிந்து, xⁿ, சைன், காஸ், eˣ ஆகிய நான்குக்கும் வகைக்கெழுவும் தொகையீடும் எழுதத் தெரிந்தால் முதல் செமஸ்டருக்கு நுழைந்துவிடலாம். மற்றவற்றைக் கணித வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்.

நியூட்டன் விதிகளில் நிதானமாக நில்லுங்கள்

ஒரு நாணயத்தை மேலே சுண்டுகிறீர்கள். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் பூஜ்யம் என்பார்கள். மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் என்று கேட்டால், கை கொடுத்த விசையும் கூடவே போகிறது என்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். இரண்டுமே தவறு. கையை விட்ட மறுகணமே கையின் விசை முடிந்தது. காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் மேலே போகும்போதும் உச்சியிலும் கீழே வரும்போதும் ஈர்ப்பு விசை ஒன்றுதான். முடுக்கம் எல்லா நேரமும் கீழ்நோக்கி 9.8.

இந்தத் தவறு நம்மூர் பள்ளிகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய குழுவினரும் 1992ல் இதைச் சோதிக்கவே ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, விசை பற்றிய எளிய கேள்விகள் மட்டும். அதை வைத்து ரிச்சர்ட் ஹேக் 1998ல் ஓர் ஆய்வைப் பதிப்பித்தார். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக அளவில் 62 இயற்பியல் வகுப்புகள், 6,500 மாணவர்கள். ஆசிரியர் பேச மாணவர் குறிப்பெடுக்கும் வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் ஏறத்தாழ 23 சதவீதத்தைத்தான் மாணவர்கள் கற்றிருந்தார்கள். மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்து, விடை ஊகித்து, உடனே சரிபார்த்த வகுப்புகளில் அது 48 சதவீதம். நல்ல பள்ளியில் படித்தவர்களுக்கும் விசை எளிதில் பிடிபடுவதில்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கேட்டுக்கொண்டிருந்தால் அது பிடிபடாது, ஊகித்துத் தவறி மறுபடி யோசித்தால்தான் பிடிபடும். அதைச் செய்யப் பெரிய பள்ளி தேவையில்லை.

வழி இதுதான். எந்தக் கணக்கானாலும் முதலில் படம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், அதைப் புள்ளியாக வரையுங்கள், அதன்மேல் செயல்படும் ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள். பாடநூலில் இதைத் தனித்த பொருளின் விசைப்படம் என்கிறார்கள். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் 'இந்த விசையைத் தருவது யார்?' என்று கேளுங்கள். பூமி, தரை, கயிறு, உராயும் பரப்பு என்று தருபவரின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். பெயர் சொல்ல முடியாத அம்புக்குறி தவறானது, அடித்துவிடுங்கள். நாணயத்தின் மேல்நோக்கிய அம்புக்குறி இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

லிஃப்ட் கணக்கை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ எடையுள்ளவர் லிஃப்டுக்குள் எடை மெஷின்மேல் நிற்கிறார். லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. அவர்மேல் இரண்டே விசைகள்: பூமி கீழே இழுப்பது mg, மெஷின் மேலே தள்ளுவது N. இரண்டாம் விதிப்படி N – mg = ma. N = 50 × 11.8 = 590 நியூட்டன். மெஷின் காட்டுவது ஏறத்தாழ 60 கிலோ. இதே லிஃப்ட் மேல்தளத்தை நெருங்கி, மேலே போய்க்கொண்டே அதே அளவில் வேகம் குறைந்தால்? இயக்கம் மேலே, ஆனால் முடுக்கம் கீழே. N = 50 × 7.8 = 390 நியூட்டன், மெஷின் காட்டுவது 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே திசையில் போகும் பயணத்தில் எடை கூடவும் செய்கிறது, குறையவும் செய்கிறது. இரண்டாவது பகுதியை நீங்களாகவே போட்டு விடை கொண்டுவந்துவிட்டால் இரண்டாம் விதி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஃபோனிலேயே பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2016ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, ஃபோனில் உள்ள முடுக்கமானி அளப்பதை வரைபடமாகக் காட்டும். மருத்துவமனையிலோ ரயில் நிலையத்திலோ லிஃப்டில் போகும்போது ஃபோனைத் தரையில் படுக்க வைத்து ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 9.8 அருகே இருக்கும் கோடு, கிளம்பும்போது ஏறி, நடுவழியில் பழைய இடத்துக்கு வந்து, நிற்கப்போகும்போது இறங்கும். நடுவழியில் லிஃப்ட் மாறா வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது, கோடு மட்டும் நிற்கும்போது இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் விதி அந்தச் சமதளக் கோட்டில் இருக்கிறது.

மூன்றாவது அலகுக்கு மட்டும் இரண்டு முழு வாரம் கொடுங்கள். ஆற்றல் அழிவின்மைக்கு ஒரு வாரம். அதன்பின் சுழற்சி இயக்கத்துக்கு ஒன்றரை வாரம். அதில் விசைக்குத் திருப்பு விசை, நிறைக்கு நிலைமத் திருப்புத்திறன், உந்தத்துக்குக் கோண உந்தம் என்று பொருத்திக்கொண்டே போனால் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. ஈர்ப்பியலையும் வெப்ப இயக்கவியலையும் நேரம் மிஞ்சினால் மட்டும் தொடுங்கள்.

பேனா இல்லாமல் படிப்பது படிப்பில்லை

யூடியூபில் தமிழிலேயே நல்ல இயற்பியல் வகுப்புகள் இருக்கின்றன. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் தளத்தில் பேராசிரியர்களின் முழு வகுப்புகளும் இலவசம். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெளிவாக விளக்கும் ஒருவரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது என்று தோன்றும் அந்த உணர்வை நம்பாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அறிமுக இயற்பியல் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019ல் வெளியானது. சிறந்த விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தபோது அதிகம் எடுத்தது மல்லுக்கட்டியவர்கள்தான். ஆகவே, ஒரு கணக்கில் திணறி நிற்கும்போது தலை கனத்தால், எனக்கு வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கற்பது அந்தத் திணறலில்தான் நடக்கிறது.

எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் முழுவதும் போடுங்கள். நின்றால் எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் திறந்து பாருங்கள். மறுபடி மூடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை மறுபடி. ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு இப்படிப் போட்டால் போதும். கைடில் ஐம்பது விடைகளைப் பார்ப்பதைவிட இந்த ஐந்து மேல் என்பது என் அனுபவம்.

விடை வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அலகு சரியா? அலைவு நேரத்தில் வர்க்கமூலத்துக்குள் l/g-க்குப் பதிலாக g/l எழுதியிருந்தால் விநாடிக்குப் பதிலாக விநாடியின் தலைகீழ் வரும், உடனே மாட்டிக்கொள்ளும். அடுத்து, அளவு நம்பும்படி இருக்கிறதா? பேருந்தின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர் என்று வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறது.

மற்ற புத்தகங்களைப் பற்றிச் சுருக்கமாக. எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' முதல் தொகுதி, பாடநூலை முடித்தவர்களுக்கு அடுத்த படி. அதன் அத்தியாய முடிவில் உள்ள குறுவினாக்கள் தனிச் சொத்து. ஹாலிடே-ரெஸ்னிக் நூலகத்தில் இருக்கும். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' மூன்று தொகுதிகளும் இணையத்தில் இலவசம், ஆங்கிலமும் எளிது. ஃபெயின்மன் விரிவுரைகளை இப்போது தொடாதீர்கள். அருமையான நூல், ஆனால் முதலாண்டை முடித்தபின் படித்தால்தான் அதன் அருமை தெரியும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

பாடநூல் கழகத் தளத்தில் பிளஸ் ஒன் புத்தகம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே அலகு, ஒரே படம், ஒரே கணக்கு. முதலில் தமிழில் படித்துப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு அதே பக்கத்தை ஆங்கிலப் பதிப்பில் வாசியுங்கள். ஆங்கிலம் கற்றுக்கொண்டு அதன்பின் இயற்பியலுக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். முதல் செமஸ்டருக்கு வேண்டியவை சில நூறு கலைச்சொற்கள்தான், எட்டு வாரத்தில் அவை பழகிவிடும். கணக்குப் போடும்போது வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதிப் பழகுங்கள். நீண்ட வாக்கியம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ் வழிப் பிரிவு உண்டு. அண்ணா பல்கலைக்கழகமும் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழில் நடத்திவருகிறது. உங்கள் கல்லூரியில் தேர்வை எந்த மொழியில் எழுதலாம் என்பதைச் சேர்ந்த அன்றே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லேப்

பள்ளியில் செய்முறை என்பது பல இடங்களில் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டுமே. கல்லூரியில் வாரந்தோறும் லேப், அப்சர்வேஷன் நோட், ரெக்கார்ட் நோட் என்று ஆண்டு முழுக்க ஓடும். பின்னணி பலமாக இல்லாத மாணவர் முதலில் மேலே வரக்கூடிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே பழைய பாடம் அதிகம் வேண்டாம், கவனமும் பொறுமையும் போதும்.

போவதற்கு முன் வெர்னியர் அளவி, திருகு அளவி இரண்டின் மீச்சிற்றளவையும் கணக்கிடத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் பழகிய வெர்னியருக்கு 0.1 மில்லிமீட்டர், திருகு அளவிக்கு 0.01 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு முதலாண்டின் புகழ்பெற்ற சோதனை ஒன்றே சாட்சி. இரண்டு கத்திமுனைகளின்மேல் மீட்டர் ஸ்கேலை வைத்து, எடை தொங்கவிட்டு, நகரும் நுண்ணோக்கியால் அது எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து யங் குணகம் காண்பார்கள். சூத்திரத்தில் ஸ்கேலின் தடிமன் மும்மடியாக வருகிறது. தடிமன் 6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை வெர்னியரால் அளந்து 0.1 மில்லிமீட்டர் பிசகினால் தடிமனில் பிழை 1.7 சதவீதம், யங் குணகத்தில் அது மூன்று மடங்காகி 5 சதவீதம். திருகு அளவியால் அளந்து 0.01 மில்லிமீட்டர் பிசகினால் கடைசி விடையில் அரை சதவீதம்தான். தடிமனை ஏன் திருகு அளவியால் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறோம் என்று வைவாவில் கேட்டால், இதைச் சொல்லுங்கள். அகத்தேர்வாளர், புறத்தேர்வாளர் இருவருமே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிட்டுப் போங்கள். நூல், ஒரு நட்டு, ஃபோனில் உள்ள ஸ்டாப்வாட்ச். நூலின் நீளம் 1 மீட்டர் என்றால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி. ஒன்றை மட்டும் அளக்காதீர்கள், இருபது அலைவுகளுக்கு நேரம் பார்த்து வகுங்கள். பொத்தானை அழுத்துவதில் நேரும் பிழை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 40, 60, 80, 100 சென்டிமீட்டர் என்று நீளத்தை மாற்றி, நீளத்துக்கு எதிரே T²-ஐ கிராஃப் தாளில் வரையுங்கள். நேர்கோடு வரும். சாய்வு மீட்டருக்கு 4 விநாடி² அருகே இருக்கும். 4π²-ஐ அந்தச் சாய்வால் வகுத்தால் g. வரைபடம், சாய்வு, பிழை, சமன்பாட்டை இடம் மாற்றுவது என்று இந்த எட்டு வாரத்தில் பழகியது எல்லாம் ஒரே மாலையில் ஒன்றுசேர்ந்து வரும்.

ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் பத்துச் சோதனைகளை ஒரே இரவில் காப்பி அடிப்பவர்களுக்கு அந்தச் சோதனைகளால் எந்தப் பயனும் இல்லை. லேப் அசிஸ்டன்டிடம் மரியாதையாகப் பழகுங்கள். எந்த நுண்ணோக்கியின் திருகு தளர்ந்திருக்கிறது, எந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் சரியாக நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வகுப்பு தொடங்கியபின்

பல கல்லூரிகளில் முதல் வாரங்களில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துவார்கள். வருகைப்பதிவு இல்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்காகத்தான் அது நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி உண்டா என்று சேரும்போதே விசாரியுங்கள். தகுதி இருந்தால் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் அது உதவும்.

பிஎஸ்சி மாணவர்களுக்கு இன்னொன்று. ஐஐடிகளில் எம்எஸ்சி சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தில் எந்திரவியலும் பொருளின் பொதுப் பண்புகளும் ஒரு தனிப் பகுதி. அலைவுகளும் ஒளியியலும் இன்னொன்று. அதாவது முதலாண்டில் படிப்பதே மூன்றாம் ஆண்டில் கதவு திறக்கிறது. அதனால் முதல் செமஸ்டர் கணக்கு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒன்றாகக் கணக்குப் போட இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். நன்றாகப் படிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை, விடையைச் சொல்லிவிடாமல் வாதாடுபவராக இருந்தால் போதும். ஆசிரியரிடம் போகும்போது "சார், எதுவும் புரியல" என்று போகாதீர்கள். அவரால் எங்கிருந்து தொடங்க முடியும்? நீங்கள் முயன்ற தாளை எடுத்துக்கொண்டு போய், "மேடம், இந்த வரி வரைக்கும் வந்தேன், அடுத்து ஏன் இப்படி வருதுன்னு தெரியல" என்று காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தீரும் வேலை, எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் கைக்கு வந்த அன்றே, தவறிய கணக்குகளைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். மறுபடியும் எங்கே நிற்கிறீர்களோ, அந்த வரியோடு மறுநாள் காலை துறைக்குப் போய்விடுங்கள்.